நாற்பத்தைந்துக்கு மேல் டிரோன் தொழில்: பாலக்காட்டு எல்லையில் தொடங்குகிறவர்களுக்கு

வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். போன வாரம் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனி சூப்பர்வைசர், இன்னொருவர் துபாயிலிருந்து பெட்டி கட்டி வந்து ஆறு மாதம் ஆனவர். இருவரும் எடுத்த எடுப்பில் கேட்டது, "எந்த டிரோன் வாங்கலாம் அண்ணா?" என்றுதான். அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் நாலையும் விட்டுவிட்டு இதற்கு வந்தவர்கள் வாங்கிய இயந்திரங்கள் சில, பாதி விலைக்கு விற்பனையில் இருக்கின்றன. போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். மில்லை மூடியபோது வயது 46. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. (ஆந்திரச் சித்தூர் இல்லை. விற்பனைக் கம்பெனியின் சர்வீஸ் பையன் ஒருமுறை அங்கே போய் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டான்.) வீட்டில் தமிழ், கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகம்) மலையாளம், பேரம் பேசும்போது இரண்டும். செய்வது பெரும்பாலும் மருந்தடிப்பு. அதனால் இதில் வயலும் தோப்பும்தான் அதிகம் வரும்.

முதலில் முதுகு

பத்து லிட்டர் டிரோனை பேட்டரியோடு தூக்கினால் ஏறத்தாழ பதினைந்து கிலோ. நாள் முழுக்க வண்டியிலிருந்து இறக்கு, வரப்பில் நட, திரும்ப ஏற்று. இதில் சேற்றில் நின்று மேலே பார்க்கிற கழுத்து வலி தனி. இடுப்பு டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் உதவியாளர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கண்ணாடி போட்டவர்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் டிரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் பறக்க வேண்டும் என்பது விதி, அதனால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு வருடம் வருமானம் இல்லாமல் வீடு ஓடுமா என்று பாருங்கள். செட்டில்மென்ட் பணம் முழுவதையும் இயந்திரத்தில் போடாதீர்கள். நான் பாதிக்கு மேல் போட்டேன். முதல் வருட ஆடிக் காற்றில் நாற்பது நாள் வேலையே இல்லை, மகளின் கல்லூரி பீஸுக்கு மனைவியின் வளையல்தான் போனது.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிரோன் தொழில் என்று ஒரே தொழில் கிடையாது. எங்கள் பக்கம் மூன்று இருக்கிறது.

கல்யாண வீடியோ, ரீல்ஸ். பக்கத்துக் கொல்லங்கோடு அழகான ஊர் என்று பெயர் எடுத்த பிறகு வயலுக்கும் நெல்லியாம்பதி மலை அடிவாரத்துக்கும் படம் எடுக்கக் கூட்டம் வருகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல், விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு டிரோன்களை முழுசாக இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரியிலிருந்து தடை. கடைகளில் பெட்டிக்கு அடியில் கிடைக்கிற சீன கேமரா டிரோன்களுக்கு இங்கே வகைச் சான்று (அந்த மாடலைச் சோதித்து அரசு தருகிற சான்று) இல்லை என்றால் பதிவு எண் வாங்க முடியாது. பதிவு எண் இல்லாமல் காசுக்குப் பறக்க விட்டு மாட்டினால் அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம். பலர் ஓட்டுகிறார்கள், தெரியும். வேறு பிழைப்பை விட்டுவிட்டு வருகிற ஒருவர் இதன்மேல் வீட்டைக் கட்டக் கூடாது என்பது என் கருத்து.

அளவை. குவாரியில் எவ்வளவு கல் எடுத்தார்கள், சைட் போடுகிற நிலத்தின் ஏற்ற இறக்கம், சோலார் பேனல் சோதனை. காசு நல்ல காசு. ஆனால் பறப்பது அரை மணி நேரம், கம்ப்யூட்டரில் இரண்டு நாள். ஏற்கெனவே சர்வேயராகவோ சிவில் டிராஃப்ட்ஸ்மேனாகவோ இருந்தவர்களுக்கு இதுதான் சரி. மற்றவர்கள் இயந்திரம் வாங்கிவிட்டுப் படிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மருந்தடிப்பு. பத்தாவது படித்து, வெயிலும் சேறும் ஒத்துக்கொள்கிற யாரும் செய்யலாம். நெல், காய்கறி, வாழை, மா, கரும்பு, நிலக்கடலை என்று எல்லையின் இரு பக்கமும் நிலம் உண்டு. இனி வருவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

சான்றிதழ்

2021 ஆகஸ்ட் 25-ல் வந்த டிரோன் விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எடையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. மருந்து நிரப்பிய பத்து லிட்டர் டிரோன்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படிதான் செய்யப்படுகின்றன. அதனால் நீங்கள் சேர வேண்டியது "சிறிய வகை, ரோட்டார்" பயிற்சி. விலை குறைவு என்று மைக்ரோ பயிற்சிக்குப் போய் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருந்து டிரோனைத் தொட முடியாது.

வயது 18 முதல் 65 வரை, பத்தாவது தேர்ச்சி. முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்றவை போதும். டிஜிசிஏ (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில்தான் படிக்க வேண்டும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது, தமிழ்நாடு அரசின் ஆளில்லா விமானக் கழகமும் நடத்துகிறது. தனியார் நிலையங்கள் நிறைய. பணம் கட்டும் முன் அந்தப் பெயர் டிஜிசிஏ பட்டியலில் இன்றைய தேதிக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரு வாரம் போல ஆகும், நான் கட்டியது ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். தேர்ச்சி பெற்றால் நிலையமே டிஜிசிஏவுக்கு அனுப்பும், சான்றிதழ் பத்து வருடம் செல்லும்.

அங்கே ஒன்றை மட்டும் அடம்பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் உதவியை நிறுத்திவிட்டு, கையாலேயே டிரோனைப் பிடித்து இறக்குவது. வகுப்பில் எல்லோரும் டேப்லெட்டில் கோடு போட்டு தானாகப் பறக்க விடுவதைத்தான் ரசிப்பார்கள். பனைக்கும் மின்கம்பிக்கும் நடுவே சிக்னல் தடுமாறும்போது அந்தக் கோடு உங்களைக் காப்பாற்றாது.

இயந்திரமும் பேட்டரியும்

டிரோன் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். வகைச் சான்று உள்ளதா, பதிவு எண் கிடைக்குமா, புரொபெல்லரும் கையும் மோட்டாரும் கோவையில் ஸ்டாக் இருக்கிறதா, ரிப்பேருக்கு ஆள் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். பிறகு அதே கம்பெனி டிரோனை ஒரு சீசன் ஓட்டியவரைத் தேடிப் பிடித்து, இதையே அவரிடமும் கேளுங்கள். பழைய டிரோன் வாங்கினால் பதிவு எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், ஆர்சி புக் மாதிரி. 2025 செப்டம்பர் 22 முதல் டிரோன்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய வரி போட்ட கொட்டேஷனை நீட்டினால் ஏமாறாதீர்கள்.

உண்மையான செலவு பேட்டரி. மில்லில் எனக்குப் பஞ்சு எப்படியோ இதில் பேட்டரி அப்படி.

ஒரு டேங்க், ஒரு ஏக்கர், ஒரு ஜோடி பேட்டரி. பறப்பது எட்டு, பத்து நிமிடம். அது இறங்கி, ஆறி, திரும்பச் சார்ஜ் ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல். இரண்டு ஜோடியோடு போனால் நாளில் பாதி நேரம் வரப்பில் உட்கார்ந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்பீர்கள். குறைந்தது ஐந்து ஜோடி வேண்டும். ஒரு ஜோடி எனக்கு 38,000 ஆனது. கம்பெனி 300 முறை என்று சொல்லும், எங்கள் வெயிலில் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். 38,000-ஐ 250-ஆல் வகுத்தால் 152. ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி வாங்கினால், அதில் 152 ரூபாய் பேட்டரி தின்று விடுகிறது என்பது புரோஷரில் இருக்காது.

அதனால் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி பார்க்க வேண்டும். சூடாக இறங்கியதை உடனே சார்ஜில் போடக் கூடாது. நான் தெர்மோகோல் பெட்டியில் ஈரச்சாக்கைச் சுற்றிலும் வைத்து, பேட்டரி மேல் ஈரம் படாமல் நிழலில் ஆற விடுவேன். கையால் தொட்டால் வெதுவெதுப்பு போயிருக்க வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டில் முழுசு. வேலை இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் இருக்கப் போகிறது என்றால் 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், நல்ல சார்ஜரில் அதற்கென்றே பட்டன் உண்டு. முழு சார்ஜில் ஒரு மாதம் அலமாரியில் வைத்தால் அப்பளம் போல உப்பும். உப்பிய பேட்டரியைக் காசு பார்த்து ஒரு தடவை கூடப் பயன்படுத்தாதீர்கள். படுக்கையறையில், மாடிப்படிக்கு அடியில், வைக்கோல் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே எண் எழுதி, எத்தனை முறை ஓடியது என்று நோட்டில் குறியுங்கள். மில்லில் ஸ்பிண்டிலுக்கு எழுதிய பழக்கம் எனக்கு இங்கே உதவியது.

பணம் திரட்டுவது

விவசாய இயந்திரங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், வாடகைக்கு விடும் மையம் வைக்கிற கிராமப்புறத் தொழில்முனைவோருக்கு டிரோன் விலையில் 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் மானியம் உண்டு. விவசாயப் பட்டதாரி என்றால் 50 சதவீதம், 5 லட்சம் வரை. கிராமப்புறத் தொழில்முனைவோர் என்று விண்ணப்பிக்கப் பத்தாவது தேர்ச்சியும் பைலட் பயிற்சியும் வேண்டும். ஆகவே பயிற்சி முதலில், மானியம் பிறகு. வீட்டில் படித்த மகள் இருந்தால் அவள் பெயரில் எந்தப் பிரிவில் கிடைக்கும் என்றும் பாருங்கள். மகளிர் குழுக்களுக்கு நமோ டிரோன் தீதி என்று தனித் திட்டம் இருக்கிறது, 80 சதவீதம், 8 லட்சம் வரை. குடும்பஸ்ரீயில் (கேரள மகளிர் குழு அமைப்பு) உள்ளவர்கள் அதை விசாரிக்கலாம்.

கேரள முகவரி என்றால் கேரளாவில்தான் விண்ணப்பம். பொள்ளாச்சி மச்சான் முகவரியைக் கொடுத்து இரண்டு பக்கமும் முயற்சி செய்தவர்கள் இரண்டு பக்கமும் அலைந்ததுதான் மிச்சம். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் டீலருக்குப் பணம் கட்டாதீர்கள். மீதிப் பணத்துக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் கடன் கேளுங்கள், வட்டியில் 3 சதவீதம் அரசு தரும். பேங்க் மேனேஜருக்கு அந்தத் திட்டம் நினைவு வர நீங்கள் இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இயந்திரத்துக்கும் சேர்த்தே எடுங்கள். இதில் என் கதை ஒன்று உண்டு. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், அக்கா மகன் "மாமா, நான் ஓட்டுகிறேன்" என்றான். பையன் கெட்டிக்காரன், என்னைவிட நன்றாகவே ஓட்டுவான். ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன். வயலுக்குக் குறுக்கே பழைய கேபிள் டிவி வயர் ஒன்று, கறுத்துப் போய் ஆகாயத்தோடு ஆகாயமாகத் தொங்கியது. டிரோன் அதில் மாட்டி வாய்க்காலில் விழுந்தது. 74,000 ரூபாய் ரிப்பேர். காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்டதே ஓட்டியவரின் சான்றிதழைத்தான். அவனிடம் இல்லை. ஒரு பைசா வரவில்லை, வர வேண்டிய நியாயமும் இல்லை. அடுத்த மாதமே அவனைப் பயிற்சிக்கு அனுப்பினேன். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கே பறக்கலாம்

டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் டிரோன் இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் பச்சை என்பது 200 அடி வரைதான், 8-க்குள் பச்சையே கிடையாது. நமக்கு மருந்தடிக்க பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் போதும், உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. இடம்தான் பிரச்சினை. கோவைப் பக்கம் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கின்றன, இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை. பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்துக்கும் நெல்லியாம்பதி காட்டுக்கும் வனத்துறையைக் கேட்காமல் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள்.

பச்சைதானே என்று ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடவும் கூடாது. எஸ்.பி. அளவிலான போலீஸ் அதிகாரி எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். அமைச்சர் வருகிற நாள், பெரிய திருவிழா நாள் எல்லாம் காலையில் எழுந்ததும் வரைபடத்தைப் பாருங்கள். நெம்மாரா வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழாவை மேலிருந்து படம் எடுத்துத் தரக் கேட்டு வருடா வருடம் யாராவது வருவார்கள். யானை, வெடிக்கட்டு, லட்சம் ஜனம். நான் போவதில்லை.

காற்று

எங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு முதலாளி காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே திறந்து கிடக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று அது வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை வரை கிழக்கே பாயும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன. பிறகு மார்கழி, தை மாதங்களில் காற்று திரும்பி, கிழக்கேயிருந்து வறண்டு வீசும். ஒன்றாம் விளை நெல்லுக்கு மருந்தடிக்கிற காலம் முதல் காற்றில் மாட்டுகிறது, இரண்டாம் விளையும் மாம்பூவும் இரண்டாவது காற்றில்.

ஆகவே விவசாயி கூப்பிடுகிற நேரத்துக்கெல்லாம் போக முடியாது. காலை ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதரை. சாயங்காலம் நாலரைக்கு மேல் காற்று விட்டால். அவ்வளவுதான் நாள். கையடக்கக் காற்றுமானி ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், வாங்குங்கள். மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் கட்டை அவிழ்ப்பதில்லை. காற்றுமானி இல்லாத நாளில் பனை ஓலையைப் பாருங்கள். வரப்புக் கரிம்பனை சலசலப்பது காதில் விழுந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

காற்றில் அடித்தால் மருந்து வீணாவது மட்டும் இல்லை. பக்கத்து வயலில் போய் விழும். களைக்கொல்லி வெண்டையில் விழுந்தால் மூன்றாம் நாள் இலை சுருண்டு நிற்கும், அந்த மாமன் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். முதல் வருடம் களைக்கொல்லி வேலையை ஒத்துக்கொள்ளவே வேண்டாம் என்பேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால் மல்பெரித் தோட்டம் எங்கே என்று முதலில் கேளுங்கள். பூச்சிமருந்து பட்ட இலை, பட்டுப்புழுவைத் தட்டோடு கொன்றுவிடும். எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இன்னொன்று: கள் இறக்குகிற தென்னை. கேரளக் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு இங்கேயிருந்துதான் போகிறது. மரத்து உச்சியில் பானை திறந்த வாயோடு தொங்கும், கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. அந்தத் தோப்புக்குப் பக்கத்து நிலம் என்றால் கள் இறக்குகிறவரிடம் முந்தின நாளே சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் நான் வண்டியை எடுப்பேன்.

வயலில் ஒரு காலை

கற்றுக்கொள்ள நல்ல வழி, சம்பளம் வாங்காமல் பத்து நாள் ஒருவர் பின்னால் சுற்றுவது. அது வாய்க்காதவர்களுக்கு என் காலையைச் சொல்கிறேன்.

ஐந்தேகாலுக்கு வயல். டிரோனை இறக்குவதற்கு முன் வரப்பைச் சுற்றி ஒரு முறை நடை. இதை டேப்லெட் செய்யாது. மின்கம்பத்தின் ஸ்டே கம்பி எந்தப் பக்கம் இறங்குகிறது, பனை எத்தனை, கிணறு திறந்திருக்கிறதா, மாடு கட்டியிருக்கிறதா. மயில் நடமாட்டம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மயிலைவிடத் தொந்தரவு கரிச்சான் குருவி. கைப்பிடி அளவுதான் இருக்கும், கூடு பக்கத்தில் இருந்தால் இருபது கிலோ டிரோனைத் துரத்திக்கொண்டு வரும்.

பிறகு கலக்கல். இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். கைப்பம்பில் ஏக்கருக்கு நூறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீரில் கலக்கிற மருந்தை நாம் பத்து லிட்டரில் கலக்கிறோம். கரைசல் கெட்டி. தூள் மருந்து என்றால் சரியாகக் கரையாமல் அடியில் களி போலத் தங்கி, நாசிலை அடைக்கும். முதலில் சிறு பக்கெட்டில் தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் டேங்கில். இரண்டு மருந்தைச் சேர்க்கச் சொன்னால் முதலில் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கலந்து கால் மணி நேரம் பாருங்கள். திரிந்தால் முடியாது என்று சொல்லுங்கள். என்னுடைய இரண்டாவது வேலையில் நாலு நாசிலில் ஒன்று அடைத்ததைக் கவனிக்காமல் மூன்று ஏக்கர் ஓட்டினேன். பத்து நாள் கழித்து வயலில் கோடு போட்ட சட்டை மாதிரி மஞ்சளும் பச்சையும். காசைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி இலவசமாக அடித்தேன். இப்போது ஒவ்வொரு டேங்கும் கிளம்பும் முன் வெறும் தண்ணீரில் பத்து விநாடி, நாலு நாசிலையும் கண்ணால் பார்த்த பிறகுதான்.

அளவு என்ன, எந்த மருந்து என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். டிரோனில் அடிக்க அனுமதித்த மருந்துதானா என்று கிருஷி பவனில் அல்லது அந்தப் பக்கம் வேளாண் அலுவலரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு நல்லது சத்து தெளிப்பு. பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த "சம்பூர்ணா" நுண்ணூட்டக் கலவை, நானோ யூரியா இதெல்லாம். தப்பு நடந்தாலும் ஊர் பற்றி எரியாது.

மாந்தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து முதலமடை ஊர் மாம்பழம் நாட்டிலேயே முன்னதாகச் சந்தைக்கு வருகிறவற்றில் ஒன்று, பூப்பூக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கக் கூப்பிடுவார்கள். பெரிய மரத்துக்கு மேலிருந்து அடித்தால் உச்சி நனையும், உள்கொப்பும் இலையின் அடிப்பக்கமும் நனையாது. பத்தடி, பன்னிரண்டடி அடர்நடவு மரங்களுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். பழைய மரங்களுக்கு ராக்கர் பம்ப்தான் சரி என்று தோட்டக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். தேனீ பூவில் இருக்கிற நேரத்தில் அடிக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் டேங்கை மூன்று தடவை கழுவி, அந்தத் தண்ணீரை அதே வயலில் விட வேண்டும். வாய்க்காலில் ஊற்றினால் கீழே யாரோ குளிக்கிறார்கள்.

ஊரின் பயம்

கேரளாவில் "மேலேயிருந்து மருந்து" என்றால் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது காசர்கோடு. முந்திரித் தோட்டங்களில் இருபது வருடத்துக்கும் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து, ஒரு தலைமுறையே பாதிக்கப்பட்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முதலமடைத் தோப்புகளைச் சுற்றியும் அந்தப் பேச்சு உண்டு. ஆகவே டிரோன் சத்தம் கேட்டு ஓர் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினால் சிரிக்காதீர்கள். முந்தின நாள் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய், என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், பாட்டிலைக் காட்டுங்கள், காயப்போட்ட துணியையும் கிணற்றையும் மூடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. வார்டு மெம்பருக்கு ஒரு போன்.

இன்னொரு பயம் மருந்தடிக்கிற கூலியாட்களுடையது. எங்கள் ஊரில் இருபது வருடமாகப் பவர் ஸ்பிரேயர் முதுகில் தூக்குகிற ஒருவர், முதல் நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அப்போ எனிக்கு இனி சோறு இல்லெ, அல்லே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரையே உதவியாளாக வைத்தேன். எந்த வயலில் தண்ணீர் எங்கே கிடைக்கும், யார் காசு ஒழுங்காகத் தருவார், யார் "அடுத்த விளைக்கு" என்பார் என்று அவருக்கு மனப்பாடம். கலக்கல் முழுக்க அவர் கை. கையுறை, முகமூடி போட வைப்பதற்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

கூலியும் கணக்கும்

எங்கள் பக்கம் நான் வாங்குவது ஏக்கருக்கு 500. பேட்டரி 152, ஆள்கூலி 60, ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் பெட்ரோல் 50, தேய்மானம் ரிப்பேர் 40. கையில் நிற்பது இருநூறுக்குச் சற்றுக் குறைவு. புரோஷர் நாளுக்கு முப்பது ஏக்கர் சொல்லும். சிறு சிறு கண்டமாக, நடுவில் பனையோடு கிடக்கிற எங்கள் நிலத்தில் பதினைந்து. வருடத்தில் நல்ல நாள் நூறு கிடைத்தால் மூன்று லட்சம், அதிலிருந்து காப்பீடும் கடன் தவணையும் கழியும். இதைப் பார்த்து யோசிக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

இந்த எண்ணைத் தூக்க ஒரே வழி, அலைச்சலைக் குறைப்பது. ஒற்றை ஒற்றை ஏக்கராகப் போகாமல், பாடசேகர சமிதிச் (ஒரு வயல்வெளி விவசாயிகளின் சங்கம்) செயலாளரைப் பிடியுங்கள். ஐம்பது ஏக்கர் வயல் ஒரே முடிவில் கிடைத்தால் வண்டி மூன்று நாள் அங்கேயே நிற்கும். 450-க்கு இறங்கினாலும் லாபம். முதல் முறை அரை ஏக்கர் இலவசமாக அடித்துக் காட்டுங்கள், அவர்கள் சொல்கிற மூலையில் அல்ல, ரோட்டோரத்தில்.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாக முடியும், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பயிர்ப் பாதுகாப்பு விவசாயச் சேவை என்பதால் மருந்தடிப்புக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வீடியோவும் அளவையும் செய்தால் வேறு, 20 லட்சம் தாண்டும்போது ஆடிட்டரைப் பாருங்கள். ரசீது மட்டும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள், தேதி, வயல், மருந்தின் பெயர், கொண்டுவந்தது யார் என்று எழுதி விவசாயியின் கையெழுத்தோடு. பயிர் கருகினால் உங்களுக்காகப் பேசப்போகிறது அந்தத் தாள்தான்.

ஆடிக் காற்றில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த மாதங்களில் நான் மோட்டார்களைக் கழற்றி பேரிங் பார்ப்பேன், பேட்டரிகளை 3.8-க்கு இறக்கி வைப்பேன், பிறகு அண்டை ஊர்களில் பவர் டில்லரும் மோட்டாரும் ரிப்பேர் பார்ப்பேன். மில் ஸ்பேனர் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் பழைய தொழிலின் சாமான்களையும் இப்போதே எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.